குளியலறையில் வட்டமும் சதுரமும்: வடிவச் சமநிலையின் வரலாறு

முன்னுரை

வீட்டின் மிகச் சிறிய அறைகளுள் ஒன்று குளியலறை. ஆனால் நேர்கோடும் வளைவும் மிக நெருங்கிச் சந்திக்கும் அறையும் அதுவே. சுவர், தரை, கதவு, டைல்ஸ் ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. தொட்டி, வாளி, வாஷ்பேசின், குழாய், வடிகால் வாய் ஆகியவை வளைவானவை. இவ்விரு வகை வடிவங்களும் ஒன்றோடொன்று முட்டாமல் இணங்கி நிற்குமாறு அமைப்பதை உள்வடிவமைப்புத் துறையில் வடிவச் சமநிலை என்கின்றனர். செவ்வக மேடைக்கு மேல் வட்டக் கண்ணாடி மாட்டுவதும், சதுர டைல்ஸ் பதித்த அறையில் முட்டை வடிவத் தொட்டி வைப்பதும் இன்று இதற்குப் பரவலாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள்.

இச்சமநிலை கண்ணுக்கு அழகு சேர்ப்பதற்காக மட்டும் உருவானதன்று. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும். நீராவி குளிர்ந்து தலைமேல் சொட்டக் கூடாது. மூலையில் அழுக்குத் தங்கக் கூடாது. குளிப்பவர் வழுக்கி விழக் கூடாது. இந்த நான்கு தேவைகளே பல நூற்றாண்டுகளாகக் குளியலறையின் வடிவங்களைத் தீர்மானித்து வந்துள்ளன. சிந்துவெளி, ரோம், இஸ்தான்புல் ஆகிய இடங்களின் குளியல் கட்டடங்கள் வழியாகவும், 19, 20ஆம் நூற்றாண்டுகளின் வீட்டுக் குளியலறைகள் வழியாகவும் அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நேர்கோடும் வளைவும் ஏன் சேர்ந்து வருகின்றன?

சதுரமும் செவ்வகமும் அடுக்குவதற்கு ஏற்ற வடிவங்கள். செவ்வக அறைகளை அடுத்தடுத்துக் கட்டினால் இடையில் இடம் வீணாகாது. செங்கல்லும் டைல்ஸும் செவ்வகமாக இருப்பதற்கும் இதுவே காரணம். வட்டத்தின் பயன் வேறு. ஒரே பரப்பளவைச் சூழ்வதற்கு மிகக் குறைந்த சுற்றளவு கொண்ட வடிவம் வட்டம். அதற்கு மூலை கிடையாது. எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் அழுத்தத்தை அது சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ஆகவே தண்ணீரைத் தாங்கும் பாத்திரத்துக்கும், தண்ணீரைக் கொண்டுசெல்லும் குழாய்க்கும், மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும் கிணற்றுக்கும் வட்டமே பொருந்துகிறது.

அறை நேர்கோட்டைக் கேட்கிறது. தண்ணீரும் உடலும் வளைவைக் கேட்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் கூடும்போது எது எதற்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. குளியலறை வடிவமைப்பின் வரலாறு என்பது இக்கேள்விக்கு வெவ்வேறு காலத்துக் கட்டுநர்கள் கண்ட விடைகளின் வரலாறு எனலாம்.

மொகஞ்சதாரோ: வட்டக் கிணறும் சதுர மேடையும்

இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள மொகஞ்சதாரோவில் 1925-26இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம், மிகப் பழைய பொது நீர்க் கட்டுமானங்களுள் ஒன்று. ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்ட செவ்வகத் தொட்டி அது. வடக்கிலும் தெற்கிலும் படிக்கட்டுகள் எதிரெதிரே அமைந்துள்ளன. நெருக்கமாக அடுக்கிய செங்கற்களுக்கிடையே ஜிப்சம் சாந்தும், நீர் கசியாமல் இருக்க நிலக்கீல் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. மேலிருந்து பார்த்தால் இருபுறமும் ஒத்திருக்கும் அமைப்பாகத் தோன்றினாலும், அதன் தரை ஒரு பக்கமாகவே சாய்ந்து தென்மேற்கு மூலையில் உள்ள நீர்ப்போக்கை நோக்கி இறங்குகிறது. கண் காணும் வடிவம் சமச்சீராக இருக்க, தண்ணீர் காணும் வடிவம் வேண்டுமென்றே கோணலாக்கப்பட்டிருக்கிறது.

இதே அறிவு சாதாரண வீடுகளிலும் காணப்படுகிறது. பல வீடுகளில் குளிப்பதற்கென்று செங்கல் பாவிய சிறு மேடைகள் இருந்தன. இடுக்கு விழாதபடி செங்கற்கள் நெருக்கி ஒட்டப்பட்டன. மேடையில் விழும் நீர் ஒரு மூலைக்கு வழிந்து, தெருவில் ஓடிய வடிகாலில் சேர்ந்தது. நீர் எடுக்கும் கிணறு மட்டும் வட்டமானது. அதற்காகவே ஆப்பு வடிவில் தனிச் செங்கற்கள் செய்யப்பட்டன. சுற்றியுள்ள மண் அழுத்த அழுத்த, ஆப்புக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நின்றன. தண்ணீர் வரும் இடத்தில் வட்டம், உடல் நிற்கும் இடத்தில் சதுரம், தண்ணீர் போகும் இடத்தில் சாய்கோடு என ஒவ்வொரு வடிவமும் தன் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

ரோமானியர்: சதுரத்துக்குள் வட்டம்

குளியலைப் பொது வாழ்க்கையின் நடுவில் வைத்தவர்கள் ரோமானியர். அவர்களின் குளியலகத்தில் குளிர் அறை, இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என்று வரிசையாக அறைகள் இருந்தன. தரைக்கடியில் சிறு தூண்களுக்கிடையே வெப்பக் காற்று சென்று அறையைச் சூடாக்கியது.

கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் குளியலகங்களைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். வியர்வைக்கான வெப்ப அறை வட்டமாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அப்போதுதான் வெப்பம் நடுவிலிருந்து எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே சீராகப் பரவும் என்கிறார். கூரைக் குவிமாடத்தின் உச்சியில் ஒரு திறப்பு விட்டு, அதன்கீழ் சங்கிலியில் வெண்கலத் தட்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும்; அதை ஏற்றி இறக்கி வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நீர்த்தொட்டியைச் சாளரத்தின்கீழ் வைக்க வேண்டும். இல்லையெனில் சுற்றி நிற்பவர்களின் நிழல் வெளிச்சத்தை மறைத்துவிடும். வடிவத்தைப் பற்றிய அவருடைய ஒவ்வொரு அறிவுரைக்கும் வெப்பமோ வெளிச்சமோ காரணமாக இருப்பது கவனிக்கத்தக்கது.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்தில் இவ்வறைகளை இன்றும் பார்க்கலாம். அங்குள்ள மன்றக் குளியலகத்தின் குளிர் அறை, சதுரக் கட்டத்துக்குள் அமைந்த வட்ட அறை. சதுரத்துக்குள் வட்டம் வரைந்தால் நான்கு மூலைகளிலும் இடம் மிஞ்சும். அந்த மூலைகளை வளைவான மாடங்களாக்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள். நடுவில் வட்டக் குளம். மேலே கூம்புக் கூரை. அதன் உச்சியில் ஒளி இறங்கும் துளை.

அதே குளியலகத்தின் வெப்ப அறை மற்றொரு வகைச் சமநிலைக்குச் சான்று. நீண்ட செவ்வக அறையின் ஒரு முனையில் அரைவட்ட மாடமும், அதில் பெரிய வட்டக் கல்தொட்டியும் உள்ளன. எதிர்முனையில் செவ்வகக் குளியல் தொட்டி இருக்கிறது. ஒரு முனை வட்டம், மறுமுனை செவ்வகம்; இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும் எடையில் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. வட்டத் தொட்டிக்கு ஆன செலவு 5,250 செஸ்டெர்ஸ் என்று அதன் விளிம்பில் வெண்கல எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளது. நகரத்துப் பணத்தில் செய்த வடிவத்துக்கு நகர மக்களிடம் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அவ்வறையின் வளைந்த கூரையில் வரிவரியாகப் பள்ளங்கள் செதுக்கப்பட்டுள்ளன. முதலில் பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தெரியும். கூரையில் படியும் நீராவி துளியாகிக் குளிப்பவர் முதுகில் விழாமல், அந்தப் பள்ளங்கள் வழியே சுவருக்கு வழிந்து இறங்கிவிடும் என்பதே அதன் பயன்.

ரோம் நகரில் கி.பி. 216இல் திறக்கப்பட்ட காரகல்லா குளியலகத்தில் இந்த இலக்கணம் பேரளவை எட்டியது. முழுக் கட்டடமும் ஒரு நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருக்குமாறு திட்டமிடப்பட்டது. ஏறத்தாழ 35 மீட்டர் விட்டமுள்ள வட்ட வெப்ப அறை மட்டும் செவ்வகத் தொகுதியிலிருந்து வெளியே நீண்டு நின்றது. தென்மேற்கு வெயிலைப் பெரிய சாளரங்கள் வழியே உள்ளே வாங்கிக்கொள்வதற்காகவே அது அப்படி நீட்டப்பட்டது.

ஹமாம்: குவிமாடத்தின் கீழே

ரோமானியரின் குளியலறைக் கலை கிழக்கே தொடர்ந்தது. ஜோர்டான் பாலைவனத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டுக் குசைர் அம்ராவின் வெப்ப அறை குவிமாடம் கொண்டது. அதன் உட்புறத்தில் இரவு வானத்தின் விண்மீன் கூட்டங்கள் தீட்டப்பட்டுள்ளன. பின்னர் உதுமானியர் காலத்தில், ஹமாம் எனப்படும் பொதுக் குளியலகம் இம்மரபின் உச்சமாயிற்று.

சதுர அறையின்மேல் வட்டக் குவிமாடத்தை எப்படி அமர்த்துவது என்பது ஹமாம் கட்டுநர்களின் முதன்மைச் சிக்கல். சதுரத்தின் மூலைகளில் வளைந்த முக்கோணத் தாங்கிகளையோ சிறு வளைவுகளையோ கட்டி, நான்கு பக்கங்களைப் படிப்படியாக வட்டமாக்கினார்கள். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மிமார் சினான் இதில் வல்லவர். 1584இல் இஸ்தான்புல்லில் எழுந்த செம்பெர்லிதாஷ் ஹமாமின் வெப்ப அறையில் 12 தூண்கள் குவிமாட வட்டத்தைத் தாங்குகின்றன. நான்கு மூலைகளில் தனிக் குளியலிடங்கள் உள்ளன. பொம்பெயியில் மாடங்களாக இருந்த மூலைகள் இங்கே தனிமை தரும் சிற்றறைகளாயின.

குவிமாடத்தில் வட்டத் துளைகளிட்டுக் கண்ணாடி பதித்திருப்பார்கள். துருக்கி மொழியில் அவற்றுக்கு 'யானைக் கண்' என்று பெயர். அறையின் நடுவில் சூடான பளிங்கு மேடை ஒன்று இருக்கும். அதன் பெயருக்குக் கொப்பூழ்க் கல் என்று பொருள். மேலே வட்டக் குவிமாடம், கீழே பல கோண மேடை, ஓரமாகச் சிறு கல்தொட்டிகள். அத்தொட்டிகளுக்கு வடிகால் துளை கிடையாது. தேங்கிய நீரில் கழுவாமல், கிண்ணத்தால் மொண்டு மேலே ஊற்றிக்கொள்வதே அங்கு வழக்கம். ஊற்றிய நீர் முழுவதும் தரையில் ஓடும் என்பதால் தரை வடிகாலை நோக்கிச் சாய்க்கப்பட்டது.

சினான் 1556இல் கட்டிய ஹுர்ரெம் சுல்தான் ஹமாம் மற்றொரு சமநிலையைக் காட்டுகிறது. அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் கொண்ட இரட்டைக் குளியலகம். இரு பகுதிகளும் ஒரே நேர்கோட்டில், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே வரிசை அறைகள், ஒரே வகைக் குவிமாடங்கள்.

வார்ப்பிரும்புத் தொட்டி: வெளியே சதுரம், உள்ளே வளைவு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் குழாய் நீர் வீட்டுக்குள் வந்தது. வசதியுள்ள வீடுகளில் ஒரு படுக்கையறையே குளியலறையாக மாற்றப்பட்டது. அறைக்கலன்களுக்கு இசைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொட்டியையும் குழாய்களையும் மரப்பலகையால் மூடினார்கள். பார்வைக்கு எல்லாம் செவ்வகமாக ஒழுங்காயிற்று. ஆனால் பலகைக்குப் பின்னே ஈரமும் தூசியும் பூச்சிகளும் சேர்ந்தன.

நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற அறிவு பரவியபின் மரப்பலகைகள் கழற்றப்பட்டன. எனாமல் பூசிய வார்ப்பிரும்புத் தொட்டி, விலங்கின் பாதம்போன்ற நான்கு கால்களில், சுவரைத் தொடாமல் நின்றது. விளிம்பு உருட்டப்பட்டது. சுவர்களில் வெள்ளை டைல்ஸ் ஏறியது. மருத்துவமனைகளில் செய்ததுபோலச் சுவரும் தரையும் சேரும் மூலையில் குழிவான டைல்ஸ் பதித்து, துடைப்பம் எட்டாத மூலையே இல்லாமல் செய்தார்கள்.

பெரிய அறையில் இத்தொட்டி அழகாக நின்றது. சிறிய வீட்டில் அதுவே தொல்லையானது. நீள்வட்டத் தொட்டிக்கும் நேரான சுவருக்கும் இடையே கை நுழையாத சந்து விழுந்தது. நாள்தோறும் தொட்டிக்கடியில் குனிந்து துடைக்க வேண்டியிருந்தது. இதற்கான விடை 1910களிலும் 1920களிலும் பரவியது. சுவரோடு சேர்த்துப் பதிக்கும் ஒரே வார்ப்புத் தொட்டிதான் அது. அதன் வெளிப்புறம் சுவருக்காக நேர்செவ்வகம். உட்புறம் உடலுக்காகவும் தண்ணீருக்காகவும் வளைவு. இரு வடிவங்களும் ஒரே பொருளுக்குள் சமாதானமாயின. அமெரிக்காவில் அத்தொட்டியின் நீளம் 5 அடி என்று நிலைபெற்றது. அதை ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை பொருத்த 5 அடி அகல அறை போதும். தொட்டியின் அளவே அறையின் அளவைத் தீர்மானிக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கானவர்களின் அன்றாடத்தை வகுத்த இம்முடிவின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

20ஆம் நூற்றாண்டின் இரு சோதனைகள்

பிரான்சின் புவாசி நகரில் லெ கொர்புசியே வடிவமைத்த வில்லா சவோய் 1928க்கும் 1931க்கும் இடையில் கட்டப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது மெல்லிய தூண்கள்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. அதன் முதன்மைக் குளியலறையில், பதித்த தொட்டியின் ஓரமாக, சாய்ந்து படுத்த உடலின் நெளிவைப் பின்பற்றும் டைல்ஸ் சாய்விருக்கை ஒன்று அலைபோல் எழுகிறது. நேர்கோடுகளின் வீட்டில் உடல் ஓய்வெடுக்கும் இடத்துக்கு மட்டும் வளைவு ஒதுக்கப்பட்டது. டைல்ஸ் சிறியதாக இருந்ததால்தான் அந்த வளைவு கைகூடியது. சிறு சதுரங்கள் நெளியும்; பெரிய சதுரங்கள் நெளியா. வடிவச் சமநிலையில் துண்டின் அளவும் ஒரு வடிவமே என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்கப் பொறியாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1930களில் வேறு வழியில் சென்றார். முழுக் குளியலறையையும் அச்சில் அழுத்திய சில உலோகத் துண்டுகளாகச் செய்து, வீட்டுக்குள் கொண்டுசென்று ஒன்றாகப் பொருத்திவிடலாம் என்றார். 1938இல் விண்ணப்பித்து 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த அறையில் சுவர், தரை, தொட்டி, வாஷ்பேசின் எல்லாம் ஒரே உடலாக வளைந்து இணைந்தன. இடுக்கும் கூர்மூலையும் இல்லாததால் துடைப்பது எளிது. ஆயினும் சில மாதிரிகளுக்குமேல் அது பெருவாரியாக உற்பத்திக்கு வரவில்லை. வார்ப்பு அறைகள் பின்னாளில் விமானங்களிலும் விடுதிகளிலும் இயல்பாகிவிட்ட நிலையில், அந்த எண்ணம் காலத்துக்கு முந்தியது என்பது தெளிவாகிறது.

வாட்டம்: தரையின் மறைந்த வடிவம்

குளியலறையில் பலரும் கவனிக்காத வடிவம் தரையின் சாய்வு. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இதை 'வாட்டம்' என்பார்கள். வாட்டம் சரியில்லாத தரையில் எத்தனை விலையுயர்ந்த டைல்ஸ் பதித்தாலும் தண்ணீர் தேங்கும்; பாசி பிடிக்கும்; வழுக்கும். தொட்டிக்குள் குளிக்காமல் வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளிக்கும் வீடுகளில் தரை முழுவதுமே தொட்டியின் வேலையைச் செய்கிறது. மொகஞ்சதாரோ மேடையும் ஹமாமின் தரையும் சந்தித்த அதே கணக்கு இங்கும் உண்டு.

வடிகால் வாய் நடுவில் இருந்தால், தரை நான்கு பக்கங்களிலிருந்தும் அதை நோக்கி இறங்க வேண்டும். அதாவது தரை கவிழ்த்த கூரைபோல நான்கு முக்கோணங்களாக மடியும். பெரிய சதுர டைல்ஸ் அந்த மடிப்பில் வளையாது. மூலைவிட்டமாக வெட்டியாக வேண்டும். சிறு டைல்ஸ் அதிகம் வெட்டாமலே மடிப்போடு இறங்கும். இணைப்புகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். வடிகாலைச் சுவரோரம் நீண்ட கோடாக அமைத்தால், தரை ஒரே பக்கமாகச் சாய்ந்தால் போதும். அப்போது பெரிய டைல்ஸும் பொருந்தும். அமெரிக்க நடைமுறையில் ஷவர் தரைக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று சாய்வு விடுவார்கள். அதன்படி 4 அடித் தொலைவுக்கு 1 அங்குலம் இறங்கும். வட்ட வடிகாலா, கோட்டு வடிகாலா என்ற தேர்வே டைல்ஸின் அளவையும் தரையின் வடிவத்தையும் முடிவுசெய்துவிடுகிறது.

உடலும் வெற்று வட்டமும்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரா 1966இல் 'குளியலறை' என்ற பொருள்படும் தலைப்பில் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். 1976இல் அதன் விரிவான பதிப்பு வந்தது. மக்கள் உண்மையில் எப்படிக் குனிகிறார்கள், நிற்கிறார்கள், உட்காருகிறார்கள் என்று அளந்து, புழக்கத்திலுள்ள சாதனங்கள் பலவும் உடலுக்குப் பொருந்தாதவை என்று அவர் காட்டினார். படுப்பதற்காக வளைத்த தொட்டியில் நின்றுகொண்டே ஷவரில் குளிப்பது பெருவழக்காகியிருந்தது. ஈரமான வளைவின்மேல் நின்று, உயர்ந்த விளிம்பைத் தாண்டி இறங்குவது இளைஞருக்கு எளிது, முதியவருக்கு ஆபத்து.

1990இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சட்டம் வந்தது. அதையொட்டிய கட்டட விதிகளில் ஒரு புதிய வட்டம் இடம்பெற்றது. சக்கர நாற்காலி திரும்புவதற்கு 60 அங்குல விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும் என்பதே அது. 60 அங்குலம் என்பது 5 அடி. பதித்த தொட்டியின் நீளமும் அதுவே. 5 அடி அகல அறையில் தொட்டியையும் கழிப்பானையும் வாஷ்பேசினையும் வரிசையாக வைத்தபின், அந்த வட்டத்துக்கு இடம் இருக்காது. தொட்டியின் அளவுக்கு ஏற்ப வகுத்த அறை, நாற்காலியில் வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தரையோடு தரையாக அமைந்த, விளிம்பில்லாத ஷவர் இச்சிக்கலுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. தொட்டியை எடுத்துவிட்டு வாட்டம் சரியாக விட்ட தரையை அமைத்தால், குளிக்கும் இடமே திரும்பும் இடமாகவும் பயன்படும். கைப்பிடிக் கம்பிக்கு ஒரு நேர்கோடும் திரும்புவதற்கு ஒரு வட்டமும் இருந்தால், முதியவரும் பிறர் துணையின்றிக் குளிக்க முடியும்.

முடிவுரை

வட்டக் கண்ணாடியைச் செவ்வக மேடைக்கு மேல் மாட்டுவதில் தவறில்லை. அது அறையைக் கண்ணுக்கு இதமாக்கும். ஆனால் குளியலறையின் வரலாற்றில் நிலைத்த வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு தேவையைத் தீர்த்தவை. ஆப்புச் செங்கல் மண்ணைத் தாங்கியது. வரிப்பள்ளக் கூரை துளியை ஓரம் கட்டியது. குழிந்த மூலை அழுக்கை விரட்டியது. அழகுக்காக மூடிய மரப்பலகை சில பத்தாண்டுகளுக்குமேல் நிற்கவில்லை.

எனவே ஒரு குளியலறையின் வடிவச் சமநிலையை மதிப்பிடுபவர், சுவரையும் கண்ணாடியையும் பார்ப்பதோடு மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். ஊற்றிய நீர் எங்கே போகிறது? துடைப்பவரின் கை எட்டாத மூலை எது? வீட்டின் மிக மூத்தவர் இங்கே தனியே வந்து போக முடியுமா? இம்மூன்றுக்கும் நல்ல விடை தரும் அறையில் வட்டமும் சதுரமும் பெரும்பாலும் தாமாகவே தத்தம் இடத்தைக் கண்டுகொள்கின்றன.